யார் வைத்த பெயர்? ஆப்பிரிக்கக் கால்பந்து கிளப்புகளும் பிரெஞ்சுப் பெயர்களும்

2004ஆம் ஆண்டு ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு நான்கு அணிகள் வந்து சேர்ந்தன. ஒன்று நைஜீரியாவின் என்யிம்பா. மற்ற மூன்றும் பிரெஞ்சுப் பெயர் தாங்கியவை: துனிஸ் நகரின் எஸ்பெரான்ஸ், சூஸ் நகரின் எத்வால் து சாஹேல், டக்காரின் ழான் தார்க். முதல் பெயருக்கு நம்பிக்கை என்று பொருள், இரண்டாவதற்கு சாஹேலின் விண்மீன் என்று பொருள். மூன்றாவது, நாம் ஜோன் ஆஃப் ஆர்க் என்று அறிந்த பிரெஞ்சு வீராங்கனையின் பெயர். துனிசியா விடுதலை பெற்று 48 ஆண்டுகளும் செனகல் விடுதலை பெற்று 44 ஆண்டுகளும் கடந்திருந்தன. பல்லாயிரம் முஸ்லிம் ரசிகர்கள் ஒரு கத்தோலிக்கப் புனிதையின் பெயரை ஓங்கிச் சொல்லி ஆரவாரம் செய்வதை டக்காரில் யாரும் விந்தையாகக் கருதவில்லை.

வெளியாட்களுக்குத்தான் அது விந்தை. இதே பெயர்கள் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருவது அதைவிட விந்தை. லோமேயில் ஒரு எத்வால் ஃபிலான்த், வாகாடூகூவில் ஒன்று, கேமரூனின் வடக்கே கருவாவில் இன்னொன்று. மூன்றுக்கும் எரிநட்சத்திரம் என்றே பொருள். பாதிரியார்கள் வைத்ததா, பிரான்ஸைப் பார்த்து எழுதியதா, சட்டம் திணித்ததா, அல்லது அந்தந்த ஊர் இளைஞர்கள் விரும்பித் தேர்ந்ததா? கடந்த முப்பது ஆண்டுகளாக ஆப்பிரிக்க விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் இந்த நான்கு விடைகளையும் ஏதோ ஒரு வடிவில் முன்வைத்திருக்கிறார்கள். நான்கிலும் உண்மை உண்டு. நான்கிலும் ஓட்டையும் உண்டு.

பெயர்க் குடும்பங்கள்

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். விண்மீன் குடும்பம் பெரியது. சூஸ் நகரத்து கிளப் 1925இல் பிறந்தது. பிரஸ்ஸாவில்லின் எத்வால் து கோங்கோ அதற்கு அடுத்த ஆண்டு. லோமேயின் எத்வால் ஃபிலான்த் 1932, வாகாடூகூவின் எத்வால் ஃபிலான்த் 1955. இவற்றுள் எதுவும் இன்னொன்றின் கிளை அன்று. ஒன்றின் நிறுவனர் மற்றொன்றுக்குப் போய்த் தொடங்கிவைத்தார் என்பதற்கும் சான்றில்லை.

மறுமலர்ச்சி என்று பொருள்படும் ரெனேசான்ஸ் இன்னொரு குடும்பம். மொராக்கோவின் பெர்க்கான், செத்தாத், சாட் நாட்டின் இன்ஜமேனா, இரண்டு கோங்கோக்களின் தலைநகரங்கள் என்று அது பரந்து கிடக்கிறது. 1974இல் ஆப்பிரிக்க சாம்பியன் ஆன பிரஸ்ஸாவில்லின் காரா அணியின் சுருக்கெழுத்துக்குள்ளும் ரெனேசான்ஸ் ஒளிந்திருக்கிறது. ரெனேசான்ஸ், எக்லோன் என்ற இரு அணிகள் இணைந்து உருவானதே அது. ஸ்தாத் என்ற பெயரோ அபிஜான், துனிஸ், பமாகோ மூன்றிலும் உண்டு. அபிஜானின் ஸ்தாத் 1966இல் ஆப்பிரிக்கக் கோப்பையையே வென்றது.

ழான் தார்க் குடும்பம்தான் ஆய்வாளர்களை அதிகம் ஈர்த்தது. டக்கார், பமாகோ, வாகாடூகூ மூன்றிலும் அந்தப் பெயரில் கிளப்புகள் இருந்தன. இந்தியப் பெருங்கடலில் ரெயூனியோன் தீவின் லெ போர் நகரிலும் ஒன்று உண்டு. ரெயூனியோன் இன்றும் பிரான்ஸின் பகுதி, ஆகவே அங்கே கேள்வி எழுவதில்லை. மற்ற மூன்றின் கதையும் மூன்று வேறு திசைகளில் போனது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பாதிரியார் வாதம்

மிகப் பழைய விளக்கம் இதுதான். கால்பந்தை ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் மிஷனரிகள். ஆகவே பெயரும் அவர்கள் பையிலிருந்து வந்தது என்பது வாதம்.

இதற்குப் பின்னணி பிரான்ஸிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேவாலயத்துக்கும் பிரெஞ்சுக் குடியரசுக்கும் நடந்த இழுபறியில், இளைஞர்களைத் தம் பக்கம் வைத்துக்கொள்ள ஒவ்வொரு பங்கிலும் பாத்ரொனாழ் எனப்படும் இளைஞர் மன்றங்களைக் கத்தோலிக்கர்கள் நடத்தினார்கள். அவற்றில் விளையாட்டுக்குப் பெரிய இடம் இருந்தது. ஓசேர் நகரின் புகழ்பெற்ற கிளப்பை 1905இல் தொடங்கியவர் அபே தெஷான் என்ற பாதிரியார்தான். இந்த மன்றங்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களைப் பார்த்தால் எத்வால், எஸ்பெரான்ஸ், ழான் தார்க், ஏதாவது ஒரு புனிதர் பெயர் என்று ஒரே வாய்பாடாக இருக்கும். 1904 முதல் 1907 வரை பாத்ரொனாழ் கூட்டமைப்பின் கால்பந்துச் சாம்பியனாக இருந்த பாரிஸ் அணியின் பெயர் எத்வால் தெ தெ லாக். ஆப்பிரிக்காவில் காணும் பெயர்ப் பட்டியலின் ஒரு பாதி இங்கே முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது.

ஜோன் 1920இல்தான் புனிதையாக அறிவிக்கப்பட்டார். டக்காரின் ழான் தார்க் அதையடுத்த சில ஆண்டுகளில் கத்தோலிக்க மிஷன் சூழலில் பிறந்தது. பிறந்த ஆண்டு 1921 என்றும் 1923 என்றும் இரு வழக்கு. பமாகோவின் ழான் தார்க்கும் 1930களின் இறுதியில் ஒரு பாதிரியாரின் முயற்சியில் எழுந்ததாகவே அந்நகரக் கால்பந்து மரபு சொல்கிறது. ரோமில் நடந்த ஒரு சடங்கின் எதிரொலி சஹாராவுக்குத் தெற்கே கால்பந்துத் திடலில் கேட்டது என்று சொன்னால் மிகையாகாது.

பெல்ஜியக் கோங்கோவில் இந்த வாதம் இன்னும் வலுவாக நிற்கிறது. லியோபோல்ட்வில்லில், இன்றைய கின்ஷாசாவில், ரஃபாயெல் தெ லா கெத்தூல் என்ற பாதிரியார் பள்ளிகளையும் விளையாட்டுச் சங்கத்தையும் கட்டியெழுப்பினார். 1952இல் அவர் முயற்சியில் எழுந்த ஸ்டேடியம் இன்று அவர் பெயரிலேயே தாத்தா ரஃபாயெல் ஸ்டேடியம் என்று வழங்குகிறது. முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் 1974இல் மோதியது அங்கேதான். தெற்கே எலிசபெத்வில்லில், இன்றைய லுபும்பாஷியில், 1939இல் பெனெதிக்தன் துறவிகள் தொடங்கிய அணிக்குப் புனித ஜார்ஜின் பெயர் வைத்தார்கள். அதே நகரில் அதே ஆண்டு பிறந்த இன்னோர் அணி சேன் எலுவா. புனித எலுவா உலோகத் தொழிலாளரின் காவலர். அந்த அணியோ ரயில்வேத் தொழிலாளர்களோடு நெருங்கியது. பெயர் இதைவிடக் கச்சிதமாகப் பொருந்தாது.

ஆனால் இந்த விளக்கம் புனிதர் பெயர்களுக்கு மட்டுமே சரி வருகிறது. எரிநட்சத்திரம், இடி, பீரங்கி, கறுப்புப் பிசாசுகள் போன்ற பெயர்களை எந்தப் பாதிரியார் வைத்திருப்பார்? 1950இல் பிரஸ்ஸாவில்லில் தொடங்கிய அணி தனக்கு தியாப்ள் நுவார், அதாவது கறுப்புப் பிசாசுகள் என்று பெயர் சூட்டிக்கொண்டது. மிஷன் வளாகத்தின் வாசம் அதில் துளியும் இல்லை.

நகல் வாதம்

இரண்டாவது விளக்கம் நேரடியானது. பிரான்ஸில் ஸ்தாத் பிரான்சே இருந்தது, ரேசிங் கிளப் இருந்தது, ஸ்தாத் ரென்னே இருந்தது. குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் டக்காரிலும் அபிஜானிலும் அவற்றின் பெயரில் கிளப் தொடங்கினார்கள். பிறகு ஆப்பிரிக்கர்கள் அந்தக் கிளப்புகளையும் அவற்றோடு பெயர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ரேசிங், ஸ்தாத், ஒலிம்பிக் வகைப் பெயர்களுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்துகிறது. கேமரூனின் பஃபூசாம் வரை ரேசிங் போய்ச் சேர்ந்ததை வேறு எப்படிச் சொல்வது?

சிக்கல் என்னவென்றால், மூலம் என்று காட்டப்படுவதே நகல். ரேசிங் கிளப் என்பது 1882இல் பாரிஸ் மாணவர்கள் இங்கிலாந்து மோகத்தில் வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர். கின்ஷாசாவின் டேரிங் கிளப் கதையும் அதுதான். 1936இல் பிறந்த அந்த அணியின் பெயர், 1895இல் தொடங்கிய பிரஸ்ஸல்ஸ் அணியின் பெயரோடு ஒன்றுகிறது. இரண்டிலும் உள்ளது ஆங்கிலச் சொல். லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸ், அங்கிருந்து கோங்கோ ஆறு என்று பயணம் செய்த பெயரை பிரெஞ்சுப் பெயர் என்று அழைப்பதா?

எல்லைக்கு அப்பால் பார்த்தாலும் நகல் வாதம் தளர்கிறது. நைஜீரியாவின் இபாடானில் ஒரு ஷூட்டிங் ஸ்டார்ஸ் இருக்கிறது. 1976இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்றவர்களின் கோப்பையை வென்ற அணி. எத்வால் ஃபிலான்த் என்பதன் நேர் ஆங்கிலம் அது. அக்ராவில் 1911 முதல் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் இருக்கிறது. லோமே நகரமோ கோல்ட் கோஸ்ட் எல்லையை ஒட்டியே நிற்கிறது. எல்லையின் இரு பக்கமும் ஏவே மக்கள். 1914 வரை அது ஜெர்மன் காலனி. பிரெஞ்சு ஆட்சி வந்து இருபது ஆண்டு நிறைவதற்குள் லோமே இளைஞர்கள் ஒரு வான்பொருளைப் பெயராகத் தேர்ந்தார்கள் என்றால், அந்த ருசி பாரிஸிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கடற்கரை நகரங்கள் முழுவதிலும் உலவிய ஒரு நாகரிகமாகவும் அது இருக்கலாம்.

பதிவேட்டின் மொழி

மூன்றாவது கூட்டத்தார் பெயரை விட்டுவிட்டு அது எழுதப்பட்ட காகிதத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். கிளப் என்பது சட்டப்படி ஒரு சங்கம். அதற்கு விதிகள், நிர்வாகிகள் பட்டியல், அதிகாரியின் கையெழுத்து எல்லாம் வேண்டும். எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். சங்கம் வைக்கும் உரிமையைத் தந்த 1901ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 1946இல்தான் நீட்டிக்கப்பட்டது. அதுவரை ஒவ்வொரு கிளப்பும் நிர்வாகத்தின் தயவில் வாழ்ந்தது. 1920 முதல் 1965 வரையிலான பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க விளையாட்டைப் பற்றி பெர்னதெத் தெவீல்-தாந்து 1997இல் வெளியிட்ட நூல், ஆப்பிரிக்கர்களின் சங்கங்களை நிர்வாகம் எவ்வளவு ஐயத்தோடு நோக்கியது என்பதை ஆவணங்களிலிருந்து காட்டுகிறது. அத்தகைய சூழலில் விண்மீனும் நம்பிக்கையும் எந்த அதிகாரியையும் உறுத்தாத பெயர்கள்.

துனிசியா இந்த வாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1919 ஜனவரியில் முகமது ஸூவாவியும் ஹேதி கல்லேலும் துனிஸின் பாப் சூய்க்கா பகுதியில் ஒரு காபிக் கடையில் கூடி அணி தொடங்கினார்கள். கடையின் பெயர் கஃபே தெ லெஸ்பெரான்ஸ். அணிக்கும் அதே பெயர். பாத்ரொனாழும் இல்லை, பாரிஸ் மோகமும் இல்லை. கூடிய இடத்தின் பெயர்ப் பலகை, அவ்வளவுதான். ஆனால் சட்டம் கிளப்பின் தலைமைக்கு ஒரு பிரெஞ்சுக்காரரைக் கேட்டது. லூயி மோந்தாசியே என்ற அதிகாரியை முதல் தலைவராக வைத்தார்கள். அடுத்த ஆண்டு பிறந்த க்ளப் அஃப்ரிக்கேன் அணியார் அதற்கு உடன்படவில்லை. துனிசியரே தலைவராக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று அனுமதி பெற்றார்கள். அப்படிப் போராடியவர்களும் பதிவேட்டில் வைத்த பெயர் பிரெஞ்சுதான். அரபியில் அது அல்-இஃப்ரீக்கி, எஸ்பெரான்ஸ் அல்-தராஜி, சூஸின் எத்வால் அல்-நஜ்ம். துனிசிய ரசிகர்கள் இரு பெயர்களையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார்கள். இவற்றைப் பிரெஞ்சுப் பெயர் கொண்ட கிளப்புகள் என்று நாம் சொல்வதே பாதி உண்மைதான்.

அல்ஜீரியாவில் பதிவேட்டின் மொழியை ஆயுதமாக்கினார்கள். யூனியோன் ஸ்போர்த்தீவ் என்பது பிரான்ஸின் எந்தச் சிற்றூர் கிளப்புக்கும் பொதுவான தலைப்பு. அதோடு மூசுல்மான், அதாவது முஸ்லிம், என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் அது வேறொன்றாகிவிட்டது. பிலிதா, பெல் அப்பேஸ், அல்ஜியர்ஸ் என்று 1930கள் முழுதும் இப்படிப் பல கிளப்புகள் தோன்றின. காலனியின் மொழியில், காலனியின் படிவத்தில், நாங்கள் வேறு என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். 2023இல் ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கோப்பையை வென்ற யு.எஸ்.எம். அல்ஜேயின் எம் எழுத்து தொடக்கத்தில் குறித்தது அந்தச் சொல்லைத்தான்.

பதிவேடு வாதத்தின் குறை வெளிப்படை. பெயர் ஏன் பிரெஞ்சில் இருக்கிறது என்பதை அது விளக்குகிறது. ஏன் இந்தப் பெயர் என்பதை விளக்கவில்லை. மொராக்கோவில் 1937இல் தொடங்கிய விதாத் அரபிப் பெயரோடுதான் பதிவானது; அல்ஜியர்ஸின் மூலூதியா அதற்கும் முந்தியது. நிர்வாகம் பிரெஞ்சை மட்டுமே ஏற்றது என்று பொதுவாகச் சொல்ல இவை இடம் தரவில்லை.

தாங்களே தேர்ந்த பெயர்

நான்காவது நிலைப்பாடு 1990களில் வலுப்பெற்றது. காலனி ஆட்சியின் ஓய்வு நேரத்தை ஆப்பிரிக்கர்கள் எப்படித் தமதாக்கிக்கொண்டார்கள் என்று கேட்ட வரலாற்றாசிரியர்கள் இதன் பின்னால் இருக்கிறார்கள். காலனிக் கால பிரஸ்ஸாவில்லின் பொழுதுபோக்கும் சமூகமும் பற்றி பிலிஸ் மார்ட்டின் 1995இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளம். அதில் வரும் ஒரு நிகழ்வு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 1936இல் ஆப்பிரிக்க வீரர்கள் காலணி இல்லாமல்தான் ஆட வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. காலணி அவர்களுக்கு வெறும் ஆட்டக் கருவி அன்று. நகரத்து மனிதன் என்பதற்கான அடையாளம். வீரர்கள் ஒப்பவில்லை, அதிகாரபூர்வ அமைப்பை விட்டுப் பலர் விலகினார்கள்.

காலணிக்காக விலகியவர்கள் பெயரைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்தர்கள், தையற்காரர்கள், ரயில்வே ஊழியர்கள், மிஷன் பள்ளியில் படித்து வந்த இளைஞர்கள் என்று கிளப்புகளை நடத்தியவர்கள் எல்லோரும் நகரத்துக்குப் புதியவர்கள். பிரெஞ்சுப் பெயர் ஆள்வோருக்குக் காட்டிய பணிவு என்பதைவிட, தாங்கள் கிராமத்தை விட்டு நகரத்தில் கால் ஊன்றியவர்கள் என்ற அறிவிப்பாகவே அவர்களுக்கு இருந்திருக்கலாம். பீட்டர் அலேகி 2010இல் எழுதிய ஆப்பிரிக்கக் கால்பந்து வரலாறும் இந்தத் திசையில்தான் நகர்கிறது: ஆட்டம் வெளியிலிருந்து வந்தது, அதன் பொருளை உள்ளூர் தீர்மானித்தது.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு கருத்து கேமரூனை முன்வைத்துச் சொல்லப்படுவது. அங்கே 200க்கும் மேற்பட்ட மொழிகள். எந்த மொழியில் பெயர் வைத்தாலும் அது யாரோ ஒரு இனத்தின் கொடி ஆகிவிடும். பீரங்கிக்கு இனம் இல்லை. இடிக்கும் இல்லை. யாவுண்டேயின் கனோன் (பீரங்கி) 1930இலும் தொனேர் (இடி) 1934இலும் வந்தன. இரண்டும் நடைமுறையில் குறிப்பிட்ட பகுதிகளையும் குலங்களையும் சார்ந்தே இருந்தன, அது ஊரறிந்தது. ஆனால் பெயரளவில் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. கனோன் 1971, 1978, 1980 என மூன்று முறை கண்டத்தின் சாம்பியன் ஆனபோதும், ரோஜர் மில்லா ஆடிய தொனேர் 1975இல் கோப்பை வென்றவர்களின் முதல் கோப்பையைக் கொண்டுவந்தபோதும் அவற்றை நாட்டின் வெற்றியாகக் கொண்டாட இது உதவியது என்று வாதிடலாம்.

பெயர் பச்சையாகப் பேசிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொரிஷியஸ் சாட்சி. அங்கே முஸ்லிம் ஸ்கௌட்ஸ், இந்து கேடட்ஸ், தமிழ் கேடட்ஸ் என்றே கிளப்புகள் இருந்தன. சமூகப் பெயர்களை நீக்க அரசு வற்புறுத்திய பிறகும் பழைய பிரிவுகள் மறையவில்லை. 1999இல் ஒரு சாம்பியன் பட்டப் போட்டியைத் தொடர்ந்த கலவரத்தில் உயிர்கள் போயின. அதன் பின் கிளப்புகள் வட்டார அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டன.

இந்த நான்காம் நிலைப்பாடு கவர்ச்சியானது, ஆகவே சற்று எச்சரிக்கை தேவை. நிறுவனர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவர்களே எழுதிவைத்த சான்று மிகக் குறைவு. பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்குப் பின் எடுத்த பேட்டிகள், கிளப் விழா மலர்கள், ரசிகர் வாய்வழிக் கதைகள்தான். விடுதலைக்குப் பிறகு எழுதப்பட்ட எந்த விழா மலரும் எங்கள் தாத்தாக்கள் பாதிரியார் சொன்னதைக் கேட்டுப் பெயர் வைத்தார்கள் என்று பெருமைப்படப் போவதில்லை.

விடுதலைக்குப் பின் நடந்த சோதனை

யார் வைத்த பெயர் என்ற கேள்விக்கு நேர்ச் சான்று கிடைக்காதபோது, யார் அதைக் காப்பாற்றினார்கள் என்று பார்ப்பது பயன் தரும். 1960க்குப் பிறகு அரசுகளே இந்தச் சோதனையை நடத்திக் கொடுத்தன.

பமாகோவை எடுத்துக்கொள்வோம். 1960இல் நகரத்துக் கிளப்புகள் இணைந்தன. அஃப்ரிக்கா ஸ்போர்ட்ஸும் ஃபுவாயே து சூதானும் சேர்ந்து ஜோலிபா ஆயின. மாந்தே மொழியில் அது நைஜர் ஆற்றின் பெயர். அதே ஆண்டு ழான் தார்க்கும் எஸ்பெரான்ஸும் சேர்ந்தபோது கிடைத்த பெயர் ஸ்தாத் மாலியேன். ஒரே நகரம், ஒரே அரசு, ஒரே ஆண்டு. ஒரு சாரார் ஆற்றின் பெயருக்குப் போனார்கள். இன்னொரு சாரார் புனிதையை இறக்கிவைத்துவிட்டு இன்னொரு பிரெஞ்சுச் சொல்லையே எடுத்து, அதில் புதிய நாட்டின் பெயரைச் சேர்த்தார்கள். விடுதலை என்றால் மொழி மாற்றம் என்ற எளிய சமன்பாடு இங்கே உடைந்துபோகிறது. அந்த ஸ்தாத் மாலியேன்தான் ஆப்பிரிக்க சாம்பியன் கோப்பையின் முதல் இறுதிப் போட்டியில், 1965 பிப்ரவரியில் அக்ராவில், கேமரூனின் ஓரிக்ஸ் துவாலாவிடம் 1-2 என்று தோற்றது. கண்டக் கோப்பை ஒன்று அதன் கைக்கு வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாகாடூகூவின் ழான் தார்க் கதை இன்னும் சுவையானது. 1947இல் பிறந்த அந்த அணி பின்னாளில் அசோசியாசியோன் ஸ்போர்த்தீவ் து ஃபாசோ-யென்னெங்கா ஆனது. யென்னெங்கா மோசி மக்களின் தொன்மத் தாய், குதிரையேறிப் போரிட்ட இளவரசி. குதிரையேறிய ஒரு கன்னிக்குப் பதில் குதிரையேறிய இன்னொருத்தி! பெயர் மாற்றியவர்கள் இந்தப் பொருத்தத்தை எண்ணித்தான் தேர்ந்தார்களா என்பது விவாதத்துக்குரியது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்குவதும் கடினம். அதே நகரில் அதன் பரம வைரியான எத்வால் ஃபிலான்த் தன் பெயரை மாற்றவே இல்லை. தோமஸ் சங்கரா 1984இல் நாட்டின் பெயரையே புர்க்கினா ஃபாசோ என்று மாற்றிய போதும் எரிநட்சத்திரம் எரிநட்சத்திரமாகவே நின்றது. புனிதைக்குச் சமயமும் நாடும் இருந்தன, நட்சத்திரத்துக்கு இரண்டும் இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் டக்காரின் ழான் தார்க்? விளையாட்டு நிர்வாகி லமீன் தியாக்கின் 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் செனகல் கிளப்புகள் இணைக்கப்பட்டன. ஃபுவாயே பிரான்ஸ் செனகல் என்ற பெரிய கிளப் ஜாராஃப் ஆயிற்று. உள்ளூர்ப் பட்டப் பெயர் ஒன்று பிரான்ஸை வெளியேற்றியது. ழான் தார்க்கோ தன் பெயரோடு நின்று, 2001 முதல் 2003 வரை தொடர்ந்து மூன்று லீக் பட்டங்களையும் வென்றது. மேலே சொன்ன விளக்கம் இங்கே சறுக்குகிறது. சமயம் தாங்கிய பெயர், நாட்டின் பெயரைத் தாங்கிய பெயரைவிடக் கெட்டியாக நின்ற ஒரே பெரிய எடுத்துக்காட்டு இது.

கினியில் செக்கூ தூரே அரசு முதலில் கிளப்புகளுக்கு எண் போட்டது: கொனாக்ரி 1, கொனாக்ரி 2. பிறகு கொனாக்ரி 2 ஹாஃபியா ஆகி 1972, 1975, 1977 ஆண்டுகளில் ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது. தோகோவிலும் 1970களில் அரசு கிளப்புகளைக் கலைத்து மாற்றியமைத்தது. எத்வால் ஃபிலான்த் மறைந்தது. 1968ஆம் ஆண்டுத் தொடரின் ஆப்பிரிக்க இறுதிப் போட்டியில் கின்ஷாசாவில் 0-5 என்று வாங்கிவிட்டு லோமேயில் 4-1 என்று திருப்பிக் கொடுத்த அணி அது. ஆனால் 1992இல் தோகோ சாம்பியன் பட்டியலில் அதே பெயர் மீண்டும் வருகிறது. அரசு எடுத்த பெயரை ஊர் திரும்ப வாங்கிக்கொண்டது.

அந்த இறுதிப் போட்டியில் லோமேயை வென்றவர்கள் தூ ப்வீசான் ஆங்கிள்பேர். துறவிகள் புனித ஜார்ஜ் என்று தொடங்கிவைத்த அதே எலிசபெத்வில் அணிதான். இடையில் புனித பவுல் ஆகி, டயர் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் ஆங்கிள்பேர் ஆகி, ஒரு பருவம் முழுதும் தோற்காததால் தூ ப்வீசான், அதாவது சர்வ வல்லமை கொண்டது, என்ற அடைமொழியையும் சேர்த்துக்கொண்டது. சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆதெந்திசிதே (அசல்தன்மை) கொள்கை 1970களில் ஆட்களின் கிறித்தவப் பெயர்களையே தடைசெய்தபோது ஆங்கிள்பேர் போய் மசெம்பே வந்தது. தூ ப்வீசான் போகவில்லை. 2010இல் உலகக் கிளப் கோப்பை இறுதி வரை சென்ற தூ ப்வீசான் மசெம்பே என்ற பெயரில் பாதி பிரெஞ்சு, பாதி ஆப்பிரிக்கா. அதன் நகரத்து எதிரி சேன் எலுவாவும் லுபோபோ என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு, சர்வாதிகாரம் போனதும் புனிதரையும் மீட்டுக்கொண்டு, இன்று சேன் எலுவா லுபோபோவாக ஆடுகிறது.

அல்ஜீரியாவில் நிகழ்ந்தது இதன் தலைகீழ். ழெனெஸ் ஸ்போர்த்தீவ் தெ கபிலி என்ற பெயரில் 1970களின் அரசுக்கு உறுத்தியது பிரெஞ்சு மட்டும் அன்று, கபிலி என்ற பெர்பெர் வட்டாரப் பெயரும்தான். முதலில் அரபிப் பெயர், 1977இல் அரசு நிறுவனத்தோடு இணைத்து மின்னணு இளைஞர் அணி என்று ஒரு வேடிக்கைப் பெயர். அந்தப் பெயரோடுதான் 1981இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. 1989இல் பழைய பிரெஞ்சுப் பெயரே திரும்பியது. கபிலி ரசிகர்கள் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். பெர்பெர் அடையாளத்துக்கு அங்கே பாதுகாப்புப் பெட்டியாக இருந்தது பிரெஞ்சுப் பெயர்தான்.

எது நிற்கிறது, எது திறந்திருக்கிறது

நான்கு வாதங்களையும் எடைபோட்டால், ஒரே பெயர் ஒரே மூலத்தைக் காட்டாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். துனிஸின் எஸ்பெரான்ஸ் காபிக் கடையிலிருந்து வந்தது. பமாகோவின் எஸ்பெரான்ஸுக்கு அந்தக் கடையோடு உறவில்லை. புனிதர் பெயர்களுக்குப் பாதிரியார் வாதம் போதும். ஸ்தாத், ரேசிங் ஆகியவற்றுக்கு நகல் வாதம் பாதி விளக்கம். விண்மீன், இடி, பிசாசு வகைக்கு உள்ளூர்த் தேர்வு என்ற விளக்கமே பொருந்துகிறது, சான்று மெலிந்திருந்தாலும். பதிவேடு எல்லாவற்றுக்கும் அடியில் நின்ற நிபந்தனை. தனியே எதையும் விளக்காது.

பெயர் ஏன் நீடிக்கிறது என்பதில் தெளிவு இன்னும் குறைவு. அரசு தலையிட்ட இடங்களிலும் பல பெயர்கள் திரும்பி வந்தன என்பது ரசிகர்களின் உரிமையைக் காட்டுகிறது என்ற வாதம் வலுவானது. ஆனால் டக்காரின் ழான் தார்க் தப்பிப் பிழைத்ததை அது முழுதாக விளக்கவில்லை. செனகலின் சமய இணக்கமா, முதல் குடியரசுத் தலைவர் செங்கோரே கத்தோலிக்கராக இருந்ததா, வெறும் கிளப் அரசியலா என்று முடிவு செய்ய ஒப்பீட்டு ஆய்வு தேவை. பெண் ரசிகர்களும் ஆட்டக்காரப் பெண்களும் ஒரு வீராங்கனையின் பெயரை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை எனலாம்.

1930களிலும் 1950களிலும் இந்தக் கிளப்புகளைத் தொடங்கியவர்களில் அநேகமாக எவரும் இன்று உயிரோடில்லை. எஞ்சியிருப்பவை டக்காரின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பிரான்ஸின் ஏக்ஸான்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் காப்பகத்திலும் கிடக்கும் சங்கப் பதிவுக் கோப்புகள். அடுத்த விடை ஏதேனும் வருமானால், ஒவ்வொரு கிளப்பின் கோப்பையும் தனித்தனியே பிரித்துப் படிப்பவரிடமிருந்துதான் வரும்.